'திரும்பி வராதே' – ஸ்பானிய மொழியில் ஓர் இலக்கணப் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சுற்றுலாவை ஒருத்தியும் விண்வெளியை ஒருத்தியும் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது இலக்கணம். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! 'புரட்டிவிடாதீர்கள்' என்றேனே, அதுதான் இக்கட்டுரையின் பொருள். ஒன்றைச் செய்யவேண்டாம் என்று ஒருவருக்குச் சொல்வதைத் தமிழில் எதிர்மறை ஏவல் என்கிறோம். அதை ஸ்பானிய மொழியில் சொல்லும்போது ஓர் உயிரெழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எப்படி ஸ்பானிய மொழிக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மடத்தில் முதிய சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஸ்பெயின் நாட்டின் வடக்கே நவாரா என்னும் பகுதியில் பிறந்தவர். பல ஆண்டுகளாக இங்கேயே இருப்பதால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நம்மைவிட நன்றாகக் காரமும் சாப்பிடுவார். கண்புரை முற்றிப் பார்வை மங்கிப்போனதால் ஊரிலிருந்து அவருடைய தங்கை எழுதும் கடிதங்களை அவரால் படிக்க முடியவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது சனிக்கிழமை மாலைகளில் அவற்றைப் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. ஸ்பானிய மொழி ஆங்கிலத்தைப் போல ஏமாற்றாது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். எழுத்துகளின் ஒலியை ஒரு மாலையில் கற்றுக்கொண்டு, பொருள் ஏதும் தெரியாமல் கிளிப்பிள்ளை போல் வாசித்து வந்தேன். "பொருள் தெரியாமல் வாசிப்பதால் எங்கே நிறுத்துவது என்று உனக்குத் தெரியவில்லை; என் தங்கைக்கு மூச்சு வாங்குவது போல் இருக்கிறது" என்று சொல்லி, பிறகு அவரே மொழியையும் கற்றுத் தரத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் நடுவே ஒரு சிறு வாக்கியம். நான் வாசித்தேன்: "யா நோ புவெல்பாஸ்." சிஸ்டர், "இன்னொரு முறை வாசி" என்றார். நான் வாசித்தது தெளிவாக இல்லை போலும் என்று எண்ணி, மேடையில் பேசுவது போல் உரக்க, அழுத்தம் திருத்தமாக மறுபடி வாசித்தேன். அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். "இன்றைக்குப் போதும், பிள்ளை" என்றார். கடிதத்தில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. 'போல்பேர்' என்றால் திரும்பி வருதல் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த 'ஆஸ்' என்ன செய்யும் என்று தெரியாது. இனி உங்களுக்கும் எனக்கும் பாடம் தொடங்குகிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் எழுதுவதால் இவை ஏறக்குறைய ஒலிகளே. 'போல்பேர்' என்பதன் முதலெழுத்தைப் 'பஸ்' என்று சொல்லும்போது வருவது போலவும், 'தோர்மீர்' என்பதன் முதலெழுத்தைத் 'தெய்வம்' என்று பேச்சில் சொல்வது போலவும் ஒலியுங்கள். நான் 'ஸ' என்று எழுதும் சில இடங்களில் சிஸ்டர் நாக்கைப் பல்லில் வைத்துத் 'த' போலச் சொல்வார். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அப்படித்தான். தென் அமெரிக்காவில் 'ஸ' என்றே சொல்கிறார்களாம். எழுத எளிது என்பதால் நான் தென் அமெரிக்கா பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

ஸ்பானிய வினைச்சொற்கள் எல்லாம் மூன்று வீட்டைச் சேர்ந்தவை. 'ஆர்' என்று முடிபவை ஒரு வீடு, 'ஏர்' என்று முடிபவை ஒரு வீடு, 'ஈர்' என்று முடிபவை ஒரு வீடு. பேசுதல் 'ஆப்லார்', உண்ணுதல் 'கோமேர்', எழுதுதல் 'எஸ்கிரிபீர்'. 'செய்' என்று ஏவுவது எளிது. 'பேசு' என்பதற்கு 'ஆப்லா', 'உண்' என்பதற்கு 'கோமே'. 'இல்லை' என்பதற்கு 'நோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அப்படியானால் 'பேசாதே' என்பதற்கு 'நோ ஆப்லா' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். முதல் வாரம் நானும் அப்படித்தான் சொன்னேன். "நீ சொன்னதற்கு 'அவள் பேசவில்லை' என்று பொருள், யார் அந்த அவள்?" என்று சிஸ்டர் கேட்டார்.

ஆகவே எதிர்மறை ஏவலுக்குத் தனி உருவம் உண்டு. 'நான் செய்கிறேன்' என்னும் உருவத்தை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். 'நான் பேசுகிறேன்' என்பது 'ஆப்லோ'. கடைசியில் உள்ள 'ஓ'வை நீக்கிவிட்டு, எதிர் வீட்டு உயிரெழுத்தைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். 'ஆர்' வீட்டாருக்கு உரிய உயிர் 'ஆ'. ஆனால் இங்கே அவர்கள் 'எ'யை வாங்கிக்கொள்கிறார்கள். மற்ற இரு வீட்டாரும் தங்கள் 'எ'யைக் கொடுத்து 'ஆ'வை வாங்கிக்கொள்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் மனத்தில் நின்றது. 'நீ' என்று அழைக்கிறவருக்குக் கடைசியில் ஓர் 'ஸ்' சேரும். எனவே 'நோ ஆப்லெஸ்' பேசாதே, 'நோ கோமாஸ்' உண்ணாதே, 'நோ எஸ்கிரிபாஸ்' எழுதாதே.

இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. தமிழிலும் 'வா' என்பதோடு 'இல்லை' சேர்த்தால் ஏவல் ஆகிவிடாது. 'வராதே' என்கிறோம். 'தா' என்பதற்குத் 'தராதே'. 'வாவாதே', 'தாதாதே' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஏவலில் நெடிலாக நின்ற 'வா', எதிர்மறையில் 'வர' என்று குறுகித் திரிந்துவிடுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அந்தத் திரிதல் ஸ்பானிய மொழியில் நிறைய வினைகளின் வேரில் நடக்கிறது. 'ஒ' என்பது 'உவெ' என்று உடையும். 'எ' என்பது 'இயெ' என்று உடையும். சிலவற்றில் 'எ' என்பது வெறும் 'இ' ஆகிவிடும். உறங்குதல் 'தோர்மீர்', நான் உறங்குகிறேன் 'துவெர்மோ'. இழத்தல் 'பெர்தேர்', நான் இழக்கிறேன் 'பியெர்தோ'. கேட்டு வாங்குதல் 'பெதீர்'. நான் கேட்கிறேன் 'பிதோ'. நம் விதி 'நான்' உருவத்திலிருந்து தொடங்குவதால் திரிந்த வேர் தானாகவே வந்துவிடுகிறது. நோ துவெர்மாஸ், உறங்காதே. நோ பியெர்தாஸ், தொலைக்காதே. நோ பிதாஸ், கேட்காதே. மூடுதல் 'ஸெறார்', நினைத்தல் 'பென்ஸார்' இரண்டும் 'ஆர்' வீட்டுப் பிள்ளைகள். ஆகவே நோ ஸியெறெஸ், மூடாதே. நோ பியென்ஸெஸ், நினைக்காதே.

ஏன் உடைகிறது என்று கேட்டால் பல பாடநூல்கள் 'மனப்பாடம் செய்க' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். சிஸ்டர் அப்படி விடவில்லை. எண்களைச் சொல்லச் சொன்னார். ஏழு, 'ஸியெத்தே', எழுபது, 'ஸெத்தென்தா'. ஒன்பது, 'நுவெபே', தொண்ணூறு, 'நோபென்தா'. கதவு, 'புவெர்த்தா', வாயில்காப்பவர், 'போர்த்தேரோ'. "எங்கே குரல் ஏறுகிறது, கேள்" என்றார். கேட்டேன். 'ஸியெத்தே'யில் குரல் முதல் அசையில் விழுகிறது, அங்கே 'எ' உடைந்திருக்கிறது. 'ஸெத்தென்தா'வில் குரல் அடுத்த அசைக்குப் போய்விட்டது. முதல் 'எ' அப்படியே இருக்கிறது. ஸ்பானிய மொழிக்குத் தாயான லத்தீனில் 'எ', 'ஒ' என்று குறிலாய் இருந்த ஒலிகள், குரலின் அழுத்தம் விழுந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தன. அழுத்தம் விழாத இடத்தில் பிழைத்துக்கொண்டன. லத்தீனில் ஏழு 'ஸெப்தெம்', ஒன்பது 'நோவெம்', வாசல் 'போர்த்தா'. சுத்தியல் விழுந்த தேங்காய்தான் உடையும். பக்கத்துத் தேங்காய் உடையாது.

இதைப் பிடித்துக்கொண்டால் 'நாம் செய்யவேண்டாம்' என்னும் உருவமும் புரிந்துவிடும். 'நோ புவெல்பாஸ்' என்னும்போது அழுத்தம் 'புவெல்' மேல். 'நாம் திரும்பவேண்டாம்' என்பது 'நோ போல்பாமோஸ்'. அழுத்தம் 'பா' மேல் போய்விட்டது, வேரும் உடையாமல் 'போல்' என்றே நிற்கிறது. நெருங்கிய தோழியர் பலரைச் சேர்த்துச் சொல்லும் 'நோ போல்பாயிஸ்' என்பதும் அப்படியே. 'நோ பென்ஸெமோஸ்', 'நோ பெர்தாமோஸ்' இவையும் அதே வழி.

ஆனால் 'ஈர்' வீட்டார் சற்று வம்பு பிடித்தவர்கள். 'நாம் உறங்கவேண்டாம்' என்பது 'நோ தோர்மாமோஸ்' என்றல்லவா வரவேண்டும்? வருவதோ 'நோ துர்மாமோஸ்'! 'நாம் பொய் சொல்லவேண்டாம்' என்பது 'நோ மின்தாமோஸ்'. மூலச் சொல் 'மென்தீர்'. அழுத்தமும் இல்லை, உடையவும் இல்லை, ஆயினும் 'ஒ' என்பது 'உ'வாகவும் 'எ' என்பது 'இ'யாகவும் மாறியிருக்கிறது. லத்தீனில் இந்த இடத்தில் இடையே ஒரு 'ய' ஒலி இருந்ததாம். அது மறைந்து போகும்போது தனக்கு முன்னிருந்த உயிரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுப் போயிருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர் வைத்த மரம் மாதிரி, ஆள் இல்லை, அடையாளம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தடுமாறுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா 'எ', 'ஒ'வும் உடையும் என்று எண்ணிவிடக் கூடாது. 'கோமேர்' உடையாது. எது உடையும், எது உடையாது என்பதை அகராதி பார்த்தே அறியவேண்டும். 'தெனேர்' (வைத்திருத்தல்), 'பெனீர்' (வருதல்) ஆகியவற்றின் 'நான்' உருவமே 'தெங்கோ', 'பெங்கோ' என்று வேறு தினுசாக இருப்பதால், அவை 'நோ தெங்காஸ்', 'நோ பெங்காஸ்' என்று ஆகும். விளையாடுதல் 'ஹுகார்', விளையாடாதே 'நோ ஹுவேகெஸ்'. இதை எழுதும்போது ஒலிக்காத ஓர் 'உ'வையும் நடுவில் போடவேண்டும், இல்லாவிட்டால் 'க' என்பது 'ஹ' என்று ஒலித்துவிடும். இதெல்லாம் எழுதிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

பெரியவர்களிடம் 'நீ' என்று சொல்ல முடியுமா? அவர்களுக்கு 'உஸ்தெத்' என்று ஒரு சொல் உண்டு. பழங்காலத்தில் 'உம்முடைய கருணை' என்று பொருள்படும் மரியாதைத் தொடர் தேய்ந்து அப்படி ஆயிற்று. நம் செபங்களில் வரும் 'தேவரீர்' போல என்று சிஸ்டர் சொன்னார். 'கருணை' என்பது படர்க்கை அல்லவா? அதனால் வினையும் படர்க்கையாகவே வரும். கடைசி 'ஸ்' போய்விடும். 'நோ துவெர்மா' என்றால் 'உறங்காதீர்கள்'. செர்வான்தெஸ் எழுதிய 'தோன் கிஹோதே' என்னும் புகழ்பெற்ற கதையின் இரண்டாம் பாகம் 1615-ல் வெளிவந்தது. அதன் கடைசி அதிகாரத்தில், படுக்கையில் கிடக்கும் தன் எசமானிடம் பணியாளன் சான்சோ பான்சா அழுதுகொண்டே, இறந்துபோகவேண்டாம் என்று கெஞ்சுகிறான். இறத்தல் 'மோரீர்', அவன் வாயில் வருவது 'முவெரா' என்னும் இந்த உருவந்தான். 'முவெரே' என்று அவன் சொல்லியிருந்தால் 'அவர் இறக்கவில்லை' என்று செய்தி சொல்வதாக ஆகியிருக்கும்.

இங்கேதான் தோழியரே, ஆபத்து இருக்கிறது. தமிழில் 'நீ உறங்கவில்லை', 'நீ உறங்காதே' இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ஸ்பானிய மொழியில் 'நோ துவெர்மெஸ்' என்றால் நீ உறங்கவில்லை. 'நோ துவெர்மாஸ்' என்றால் உறங்காதே. 'நோ மியென்தெஸ்' என்றால் நீ பொய் சொல்லவில்லை என்று நம்பிக்கை. 'நோ மியென்தாஸ்' என்றால் பொய் சொல்லாதே என்று கண்டிப்பு! இன்னொரு வேடிக்கை பாருங்கள். அமர்த்துதல் 'ஸென்தார்', உணர்தல் 'ஸென்தீர்'. 'நோ ஸே ஸியென்தே' என்பதற்கு 'அமராதீர்கள்' என்றும் பொருள், 'அது உணரப்படுவதில்லை' என்றும் பொருள். இரு வீட்டாரும் உயிரெழுத்தை மாற்றிக்கொண்டதால் ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டது போல் ஆகிவிட்டது. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ளவேண்டும். இடையில் நின்ற 'ஸே'யைக் கவனித்தீர்களா? 'தன்னை', 'உன்னை' என்று பொருள்படும் இத்தகைய சிறு சொற்கள் உடன்பாட்டு ஏவலில் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். எதிர்மறையிலோ 'நோ'வுக்கும் வினைக்கும் நடுவில் வந்து நிற்கும். உறங்கு, 'துவெர்மேதே', உறங்கிவிடாதே, 'நோ தே துவெர்மாஸ்'.

மேலே சொன்னவற்றை எல்லாம் அந்தக் கடிதம் வந்து மூன்று வாரம் கழித்துத்தான் சிஸ்டர் எனக்குக் கற்பித்தார். இடையில் இரண்டு சனிக்கிழமை பாடம் இல்லை என்று சொல்லிவிட்டார். பாடம் நடந்த அன்று 'போல்பேர்' என்னும் வினையை நானே எடுத்து, 'போல்பேர், புவெல்போ, நோ புவெல்பாஸ்' என்று கடகடவென்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூட முடியாமல் நின்றேன். 'யா நோ புவெல்பாஸ்.' இனி நீ திரும்பி வராதே. இதையா நான் இரண்டு தடவை, அதுவும் உரக்க, அவருடைய சொந்தத் தங்கையின் வார்த்தையாக வாசித்தேன்!

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் பேச்சு நின்றதைக் கவனித்தார். "பரவாயில்லை, அவளுக்கும் வயதாகிவிட்டது. என்னால் அவளுக்கு வருத்தங்கள் உண்டு" என்றார்.

நான் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். மேசையில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அவர் தங்கையின் கையெழுத்து சேர்த்தெழுதிய கையெழுத்து. 'ஆ'வுக்கும் 'எ'க்கும் உரிய ரோமன் எழுத்துகள் இரண்டும் சிறு வட்டமாகவே இருந்தன. அதே வரியில் வீடு என்று பொருள்படும் 'காஸா' என்ற சொல் இருந்தது. அதில் உள்ள இரண்டு 'ஆ'வுக்கும் அடியில் ஒரு சிறு வால் இருந்தது. பக்கம் முழுவதும் தேடினேன். எல்லா 'ஆ'வுக்கும் வால் இருந்தது. 'புவெல்' என்பதை அடுத்த எழுத்துக்கு மட்டும் வால் இல்லை. அது 'எ'. 'யா நோ புவெல்பெஸ்' என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நீ இனித் திரும்பி வரப்போவதில்லை.

வராதே என்று அவர் சொல்லவில்லை. வரமாட்டாய் என்று வருந்தியிருக்கிறார்.

இதை நான் சொன்னதும் சிஸ்டர், "அந்த வாலை எனக்குக் காட்டு" என்றார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். தெரிந்ததோ இல்லையோ, வெகு நேரம் பார்த்தார். பிறகு, "நிறுத்திய இடத்திலிருந்து வாசி. இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "நீ வாசித்தது சரியான இலக்கணந்தான். அதனால்தான் நான் நம்பினேன்" என்றார்.

மறுவாரம் பதில் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு வினையின் கடைசி உயிரெழுத்தையும் தனியே சொல்லச் சொல்லிக் கேட்டார். 'ஆ'வுக்கெல்லாம் நான் நீளமாகவே வால் வைத்தேன். அந்தக் கடிதத்தில் நான்கு எதிர்மறை ஏவல்கள் வந்தன. மூலச் சொற்களைத் தருகிறேன், நீங்களே ஆக்கிப் பாருங்கள். தங்கைக்கு எழுதுவதால் 'நீ' உருவம் வேண்டும். 'உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே' – 'பென்ஸார்'. 'என் அறையைப் பூட்டிவைக்காதே' – 'ஸெறார்'. 'அம்மாவின் செபமாலையைத் தொலைத்துவிடாதே' – 'பெர்தேர்'. 'எனக்கு முன்னால் நீ இறந்துபோகாதே' – 'மோரீர்', நடுவில் 'தே'யை மறக்காமல் போடுங்கள்.

விடைகளைத் தபாலில் பம்ப்லோனாவுக்கு அனுப்பிவிட்டோம். சரிபார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பிறகு சிஸ்டர் அறைக்கு வரலாம். 'ஈர்' வீட்டு வினைகளில் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கவேண்டாம், அவரிடமே கேளுங்கள்.